சூடான பாகை எதில் ஊற்றுவது?

(அத்தியாயத்தின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகச் சில இடங்கள் சுருக்கப்பட்டுள்ளன.)

இன்னிக்கு நாம பேசப்போறது பாட்டிலைப் பத்தி. அடுப்பிலிருந்து அப்பதான் இறக்கின பாகை எதுல ஊத்தி வைக்கிறது, அதுதான் கேள்வி.

வீட்டுல பாகு காய்ச்சுற ஆட்கள் இப்ப நிறைய ஆயிட்டாங்க. நன்னாரி சர்பத், இஞ்சிப் பாகு, பனைவெல்லப் பாகு. டொரொன்டோவுல இருக்கிற நம்ம நேயர்கள் சிலர் மார்ச் மாசம் மேப்பிள் மரத்துச் சாறை எடுத்துக் காய்ச்சுறாங்க. இவங்க எல்லாரும் கடைசியில வந்து நிக்கிற இடம் ஒண்ணுதான். பாகு தயார். மேடை மேல நாலஞ்சு காலி பாட்டில் இருக்கு. ஒண்ணு தண்ணி பாட்டில், ஒண்ணு ஜாம் பாட்டில், ஒண்ணு எண்ணெய் கேன். அடியில 'உணவுத் தரம்'னு இருக்கு. சரி, ஊத்திடலாமா?

இந்த அத்தியாயத்துல ஒரே ஒரு விஷயம் மனசுல நின்னா போதும். உணவுத் தரம் வேற, சூடு தாங்கும் தரம் வேற. ஒரு பாத்திரம் உணவு வைக்கத் தகுதியானதா இருக்கலாம். ஆனா அதுல 100 டிகிரி பாகை ஊத்தினா என்ன ஆகும்ங்கிறதுக்கு அந்த முத்திரை பதில் சொல்லாது.

சீயமங்கலம் பக்கம்

செஞ்சிக் கோட்டையை உங்கள்ல பலர் பார்த்திருப்பீங்க. 2025 ஜூலையில யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியல்ல மராட்டியர் கோட்டைகளோட சேர்ந்து அதுவும் இடம்பிடிச்சது. அதுக்கப்புறம் வார இறுதியில அங்க பைக் கூட்டம் இன்னும் கூடிடுச்சு. கோட்டையிலிருந்து வடக்கே, தேசூரை ஒட்டி சீயமங்கலம்னு ஒரு ஊர். 7-ஆம் நூற்றாண்டுல மகேந்திரவர்ம பல்லவன் பாறையைக் குடைஞ்சு கட்டின சிவன் கோயில் அங்க இருக்கு. நான் போனது அதைப் பார்க்கத்தான். திரும்பி வர்ற வழியில பனந்தோப்பு ஓரமா புகை தெரிஞ்சது. ஒரு குடும்பம் பதநீர் காய்ச்சிக்கிட்டு இருந்தாங்க.

பதநீர்ல சர்க்கரை ஏறக்குறைய நூத்துக்குப் பத்துலேருந்து பதினாலு பங்கு இருக்கும். ஒரு கிலோ வெல்லத்துக்கு எட்டு, பத்து லிட்டர் பதநீர் வேணும். அதுக்கு அந்த அண்ணன் காலையிலயும் சாயங்காலமும் மரம் ஏறணும், பாளை சீவணும், கலயத்தை மாத்தணும். மேப்பிள் சாறுல சர்க்கரை வெறும் ரெண்டு சதவீதம்தான். ஒரு லிட்டர் பாகுக்கு நாப்பது லிட்டர் சாறு. ஆனா அங்க மரம் ஏற வேண்டியதில்லை, அடிமரத்துல துளை போட்டா போதும். எந்த ஊரா இருந்தாலும் ஒரு பாட்டில் பாகு வீணாப்போனா, வீணாப்போறது வெறும் பாகு இல்லை. ஒருத்தரோட ரெண்டு நாள் உழைப்பும் ஒரு கட்டு விறகும் சேர்த்துத்தான்.

பாத்திரத்தோட முக்கியத்துவம் மரத்து மேலயே ஆரம்பிச்சிடுது. கலயத்துக்கு உள்ள சுண்ணாம்பு தடவி இருந்தா இறங்குறது பதநீர். தடவலைன்னா கள். பழைய கலயத்தோட சுவர்லயே ஈஸ்ட் ஒட்டிக்கிட்டு இருக்கும், சாறு விழுந்ததும் வேலையைத் தொடங்கிடும். சுண்ணாம்பு அதைத் தடுத்துப் பிடிக்குது. தமிழ்நாட்டுல 1987-லிருந்து கள் இறக்கத் தடை, பதநீர் இறக்கலாம். அதாவது ஒரே மரம், ஒரே சாறு. சட்டத்துக்கு உள்ளயா வெளியிலயான்னு முடிவு பண்றது பானைக்கு உள்ள இருக்கிற பூச்சு!

அந்த அக்கா முன்னாடி வெல்லம் மட்டும்தான் ஊத்துவாங்களாம். இப்ப சென்னையிலிருந்து பாகு கேட்டு ஆர்டர் வருது. "கண்ணாடியில ஊத்துனா உடையும்னு கூரியர்ல வாங்க மாட்டேங்கிறாங்க தம்பி. பிளாஸ்டிக்ல ஊத்துனா பாட்டிலே கோணிக்குது. நான் என்னதான் பண்றது?" அப்படின்னாங்க. சொல்லும்போது முழங்கைக்குக் கீழ ஒரு தழும்பைத் தடவிக்கிட்டே இருந்தாங்க. போன வருஷம் தண்ணி பாட்டில்ல சூடா ஊத்தும்போது பாட்டில் இளகிச் சாய்ஞ்சு, பாகு கையில வழிஞ்சதாம்.

ஏன் ஆற வைத்து ஊற்றக் கூடாது?

உடனே நமக்குத் தோணும்: ஆறட்டுமே, அப்புறம் ஊத்தலாமே. ஊத்தலாம். ஆனா அப்படி ஊத்தின பாகு ஃபிரிட்ஜுக்குத்தான் போகணும்.

காரணம் இதுதான். பாகை 82, 85 டிகிரி சூட்டுலயே பாட்டில்ல அடைச்சு மூடினா, உள்ள இருக்கிற பூஞ்சையும் ஈஸ்ட்டும் அந்தச் சூட்டுல செத்துப்போகும். பாகு ஆற ஆற உள்ள இருக்கிற காற்று சுருங்கும், மூடி உள்வாங்கி இறுகும். ஆறின பாகை ஊத்தினா இந்த ரெண்டுமே நடக்காது. கொஞ்ச நாள்ல மேலாக வெள்ளைப் படலம் வரும். பாகு தண்ணியா இருந்தா உள்ளயே புளிக்கும், வாயு சேரும். இறுக்கி மூடின கண்ணாடி பாட்டில் வெடிக்கிறது இப்படித்தான்.

அப்ப பாகு கெடாம இருக்கணும்னா சூடா ஊத்தணும். சூடா ஊத்தணும்னா பாத்திரம் தாங்கணும். நம்ம பிரச்சினை முழுக்க இந்த இடுக்குல இருக்கு.

பிளாஸ்டிக்: அடியில் இருக்கும் எண்

எந்த பாட்டிலையும் திருப்பிப் பாருங்க. முக்கோணத்துக்குள்ள ஒரு எண் இருக்கும். அது எந்த வகை பிளாஸ்டிக்னு சொல்லும், அவ்வளவுதான். பாதுகாப்பு மதிப்பெண் இல்லை அது. உணவுக்கு ஏத்ததுன்னு சொல்ற குறி வேற: ஒரு கோப்பையும் ஒரு முள்கரண்டியும் பக்கத்துல பக்கத்துல இருக்கும்.

எண் 1 பெட். தண்ணி பாட்டில், கூல்டிரிங்ஸ் பாட்டில் எல்லாம் இதுதான். சுமார் 70 டிகிரி தாண்டினாலே இது இளக ஆரம்பிச்சிடும். ஒரு கம்பிப் பதத்துல இருக்கிற பாகு 104 டிகிரி பக்கம் இருக்கும். கணக்கு அங்கயே முடிஞ்சது. சூடா அடைக்கிறதுக்குன்னே தனியாகத் தயாரிக்கிற பெட் பாட்டில்கள் தொழிற்சாலைகள்ல உண்டு. உங்க வீட்டுத் தண்ணி பாட்டில் அது இல்லை.

எண் 2 எச்.டி.பி.ஈ. பால் கேன் மாதிரி வெள்ளையா, கெட்டியா இருக்கும். 130 டிகிரி பக்கம்தான் உருகும். மேப்பிள் பாகு விக்கிறவங்க பயன்படுத்துற பிளாஸ்டிக் குடுவைகள் பெரும்பாலும் இந்த வகை. ஆனா அவையும் 85 டிகிரி வாக்குல அடைக்கிறதுக்காகத் தடிமனாச் செய்யப்பட்டவை. கொதிக்கக் கொதிக்க ஊத்துறதுக்கு இல்லை.

எண் 5 பி.பி., அதாவது பாலிபுரொப்பிலீன். 160 டிகிரி வாக்குலதான் உருகும். பிளாஸ்டிக்தான் வேணும்னா சூட்டுக்கு இது மேல். எண் 6 பாலிஸ்டைரீன், பாகு பக்கமே வேண்டாம். எண் 7 பல வகை கலந்த கூடை. எதுன்னு தெரியாம சூடா ஊத்தாதீங்க.

இங்க ஒரு சந்தேகம் வரும். உருகலைன்னா பாதுகாப்புன்னு அர்த்தமா? அப்படி இல்லை. பிளாஸ்டிக்ல இருக்கிற பொருள்கள் கொஞ்சம் கொஞ்சமா உணவுக்குள்ள இறங்கும். சூடு ஏற ஏற இது வேகமா நடக்கும். இந்தியாவுல உணவுப் பாதுகாப்பு ஆணையத்தோட 2018 பேக்கேஜிங் விதிகள் இதுக்கு ஒரு வரம்பு வச்சிருக்கு: ஒரு கிலோ உணவுக்கு மொத்தம் 60 மில்லிகிராமுக்கு மேல இறங்கக் கூடாது. ஆனா அந்தச் சோதனையை எந்தச் சூட்டுல செய்யறாங்கங்கிறது, அந்தப் பாத்திரம் எந்த உபயோகத்துக்குன்னு செய்யப்பட்டதோ அதைப் பொறுத்தது. குளிர்ந்த தண்ணிக்குன்னு சோதிச்ச பாட்டிலுக்குக் கிடைச்ச சான்றிதழ், கொதிக்கிற பாகுக்குச் செல்லாது. நான் முதல்ல சொன்ன வித்தியாசம் இதுதான்.

இன்னொண்ணையும் அழுத்திச் சொல்லணும். பூச்சிமருந்து கேன், பினாயில் கேன், பெயின்ட் வாளி, இவை எத்தனை முறை கழுவினாலும் உணவுக்கு வேண்டாம். பிளாஸ்டிக் உள்ள இழுத்து வச்சதைச் சூடான பாகு வெளியே இழுக்கும்.

கண்ணாடி: உடைவது சூட்டால் இல்லை

பாகுக்குக் கண்ணாடிதான் முதல் தேர்வு. எதையும் உள்ள விடாது, வாசனை பிடிக்காது, உள்ள என்ன நடக்குதுன்னு கண்ணுக்குத் தெரியும். அப்படின்னா ஏன் உடையுது?

சூடு மட்டும் கண்ணாடியை உடைக்கிறதில்லை. சூட்டோட வித்தியாசம்தான் உடைக்குது. உள்சுவர் சட்டுனு விரியும், வெளிச்சுவர் இன்னும் குளிர்ந்தே இருக்கும். அந்த இழுபறியில விரிசல் ஓடும். சாதாரண ஜாம் பாட்டில் கண்ணாடி ஒரு 40 டிகிரி திடீர் வித்தியாசத்தைத் தாங்கலாம். அதுக்கு மேல நம்ப முடியாது. 25 டிகிரி பாட்டில்ல 100 டிகிரி பாகை ஊத்தினா வித்தியாசம் 75. ஆய்வகக் குடுவைகள் செய்யற போரோசிலிகேட் கண்ணாடி, சூட்டுல சாதாரணக் கண்ணாடியோட மூணுல ஒரு பங்கு அளவுக்குத்தான் விரியும். அதனாலதான் அது தாங்குது, விலையும் கூட.

விலை கூடின பாட்டில் வாங்கணும்னு கட்டாயம் இல்லை. சாதாரண பாட்டிலையே சூடாக்கிக்கலாம். நான் செய்யற முறையைச் சொல்றேன்.

முதல்ல பாட்டில் வாயில விரல் ஓட்டிப் பாருங்க. சில்லு, கீறல் இருந்தா அது தனியாப் போகட்டும். நல்ல பாட்டில்களைக் கழுவி, ஒரு பெரிய பாத்திரத்துல அடியில துணி விரிச்சு, பச்சைத் தண்ணியிலயே வைங்க. தண்ணியோட சேர்ந்து பாட்டிலும் மெல்லச் சூடாகணும். கொதிச்சதும் பத்து நிமிஷம். அடுத்து இடுக்கியால எடுத்து, தண்ணியை வடிச்சு, மரப்பலகை மேலயோ மடிச்ச துணி மேலயோ நிமிர்த்தி வைங்க. கிரானைட் மேடை மேல வேண்டாம். ஈரத்துலயும் வேண்டாம். அடி சட்டுனு குளிர்ந்தா அங்கயே விரிசல் விடும்.

பாகை அடுப்பை விட்டு இறக்கி, கொதிப்பு அடங்கட்டும். சமையல் தெர்மாமீட்டர் 85 காட்டும்போது ஊத்துங்க. புனல் எவர்சில்வரா இருக்கட்டும். பாட்டிலைக் கையில பிடிக்காதீங்க. அது தட்டுல நிக்கட்டும், நீங்க ஊத்துங்க. மேல அரை விரற்கடை இடம் விட்டு, வாயைச் சுத்தமாத் துடைச்சு மூடுங்க. ஒரு துணியால பிடிச்சு ரெண்டு நிமிஷம் பக்கவாட்டுல சாய்ச்சு வைங்க. மூடியோட உள்பக்கமும் அந்தச் சூட்டுல சுத்தமாகும். அப்புறம் நிமிர்த்தி, ஃபேன் காத்து படாத இடத்துல, ஒண்ணோட ஒண்ணு ஒட்டாம ஆற விடுங்க.

மூடியைப் பத்தி ஒரு வார்த்தை. பாட்டிலைப் பத்து தடவை பயன்படுத்தலாம், மூடியை அப்படிச் செய்ய முடியாது. தகர மூடிக்கு உள்ள ஒரு மெத்துன்னு வளையம் இருக்கும். ஊறுகாய் வாசனை பிடிச்சது, நசுங்கினது, துரு ஏறினது எல்லாம் இறுகாது. ஆறின பிறகு மூடியோட நடுவுல அழுத்திப் பாருங்க. டப்புனு மேல வந்தா காத்து போகுதுன்னு அர்த்தம். அந்த பாட்டிலை ஃபிரிட்ஜுல வச்சு முதல்ல தீர்த்திடுங்க.

எவர்சில்வர், அலுமினியம், பித்தளை, ஜாடி

எவர்சில்வர் தூக்குல எவ்வளவு சூடாவும் ஊத்தலாம். ஆனா வெளிப்பக்கமும் அதே சூடு வரும், மூடி இறுகாது. ஆற வைக்க நல்லது, மாசக்கணக்கா வைக்க இல்லை.

அலுமினியம் வேண்டாம். புளிப்பு அலுமினியத்தை அரிக்கும்னு நமக்குத் தெரியும். காரமும் அரிக்கும்ங்கிறது பலருக்குத் தெரியாது. பதநீர்ல சுண்ணாம்பு இருக்கில்லையா, அது காரம். நன்னாரி சர்பத்துல எலுமிச்சை, அது புளிப்பு. ரெண்டு பக்கமும் அடி.

பித்தளை, தாமிரம்னா ஈயம் பூசி இருக்கணும். இங்க சொல் நம்மைக் குழப்பும். பூச வேண்டியது வெள்ளீயம். காரீயம் விஷம். இந்தப் பாடத்தை மேப்பிள் நாடும் படிச்சிருக்கு. அமெரிக்காவுலயும் கனடாவுலயும் பழைய மேப்பிள் வாளிகளையும் காய்ச்சும் தொட்டிகளையும் காரீயம் கலந்த பற்றாசால ஒட்டியிருந்தாங்க. அதுலேருந்து காரீயம் பாகுக்குள்ள இறங்குறது தெரிஞ்சப்புறம், உணவுத் தர எவர்சில்வருக்கு மாறினாங்க. பாட்டி வீட்டுப் பரண்ல கிடைச்ச பழைய ஜாடியிலயும் இதே கேள்வி இருக்கு. அந்தக் காலத்துப் பளபளப்புப் பூச்சு சிலதுல காரீயம் இருக்கும். அழகுக்கு வைங்க. பாகு வேண்டாம்.

மண்பானை மரத்து மேல நல்லது. பாகை வைக்க இல்லை. நுண்ணிய துளைகள்ல பாகு ஊறி உக்காந்துக்கும், கழுவினாலும் போகாது.

பதம் சரியா? எடை சொல்லும்

எவ்வளவு நல்ல பாட்டிலா இருந்தாலும் பாகு தண்ணியா இருந்தா புளிக்கும். ரொம்பக் கெட்டின்னா அடியில கற்கண்டு கட்டும். சர்க்கரை 66 சதவீதம் பக்கம் இருந்தா நல்லது. கருவி இல்லாம எப்படிப் பார்க்கிறது? ஆறின பாகுல சரியா ஒரு லிட்டர் அளந்து, சமையல் தராசுல எடை போடுங்க. 1 கிலோ 320 கிராம் பக்கம் வரணும். 1 கிலோ 250 தான் வருதுன்னா இன்னும் காய்ச்சணும். பாட்டிலைத் திறந்த பிறகு எந்தப் பாகும் ஃபிரிட்ஜுக்குத்தான்.

கையில் பட்டால்

இதைச் சொல்லாம முடிக்கக் கூடாது. சுடுதண்ணி பட்டா வழிஞ்சு ஓடிடும். பாகு ஒட்டிக்கும். தோல் மேலயே உக்காந்து தொடர்ந்து சுடும். பட்ட உடனே ஓடுற பச்சைத் தண்ணியில இருபது நிமிஷம் காட்டுங்க. வளையல், மோதிரம் இருந்தா வீங்குறதுக்கு முன்னாடி கழட்டுங்க. பற்பசை, மாவு, இங்க், ஐஸ் எதுவும் வேண்டாம். கொப்புளம் உள்ளங்கை அளவைத் தாண்டினாலோ, முகத்துல, மூட்டுல பட்டிருந்தாலோ, சின்னக் குழந்தையா இருந்தாலோ ஆஸ்பத்திரிக்குப் போங்க. ஊத்துற நேரத்துல பிள்ளைங்க சமையலறைக்கு வெளியே இருக்கட்டும்.

நாம என்ன செய்யலாம்?

அந்த அக்காவோட கேள்விக்கு வர்றேன். கண்ணாடிதான் சரின்னு அவங்களுக்கே தெரியும். ஆனா பாட்டில் விலை, உடையாமக் கட்டுற செலவு, கூரியர் தகராறு எல்லாம் அவங்க தலையில விழுது. நாம 'நேச்சுரல்'னு பெருமையா ஆர்டர் போடுறோம். அந்த நேச்சுரல் பொருள் தண்ணி பாட்டில்ல வந்தா 'விலை கம்மி'ன்னு சந்தோஷப்படுறோம். அந்த விலைக் குறைவுக்கு ஒரு பங்கை அவங்க கை கொடுத்திருக்கு.

நான் கேக்கிறது மூணே விஷயம். பாகு வாங்கும்போது "எதுல அடைக்கிறீங்க, சூடாவா ஆறியா?"ன்னு கேளுங்க. கண்ணாடின்னா பாட்டிலுக்குத் தனியாக் காசு கொடுங்க. அடுத்த முறை அந்தப் பக்கம் போகும்போது காலி பாட்டில்களைக் கழுவித் திருப்பிக் கொடுங்க. நாலு நண்பர்கள் சேர்ந்து ஆர்டர் போட்டா, ஒருத்தர் நேர்ல போய் வாங்கிட்டே வரலாம். சென்னையிலிருந்து செஞ்சி காலையில போய் சாயங்காலம் வர்ற தூரம்தான். கூரியருக்குக் கொடுக்கிற காசு பெட்ரோலுக்குப் போகட்டும். ஒண்ணு, பதநீர் சீசன் தை, மாசியில தொடங்கி ஆனி, ஆடி வரைக்கும்தான். மத்த மாசத்துல போனா வெல்லம்தான் கிடைக்கும்.

வீட்டுல நீங்களே பாகு காய்ச்சுறவங்களா? எந்த பாட்டில்ல வைக்கிறீங்க, எத்தனை மாசம் தாங்குச்சு, எது உடைஞ்சதுன்னு குரல் பதிவா அனுப்புங்க. அடுத்த அத்தியாயத்துல சேர்த்துக்கிறேன். அதுவரைக்கும், கூல்டிரிங்ஸ் பாட்டிலைச் சமையல் மேடையிலிருந்து கீழ எடுத்து வைங்க.